பழைய கதவைப் பூட்டிவிட்டு வரும் புதுக் கேம்கள்

"ஜிடிஏ 6 எப்ப வரும்?" என்ற கேள்வி எங்கட வட்டத்தில் சுகம் விசாரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. 2023 டிசெம்பரில் முதல் ட்ரெய்லர் வந்தது. ஒரே நாளில் 90 மில்லியனுக்கு மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது. 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், பிறகு அதே வருசம் நவம்பர் 19 என்றார்கள். அந்த ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பின்னால் போகிற காரின் நம்பர் பிளேட்டைக்கூட ஆராய்ந்த ஆக்கள் எங்களுக்குள்ளும் இருக்கினம். அதில் பிழை இல்லை. காத்திருக்கிறதும் ஒரு சந்தோசம்தான். ஆனால் இந்தக் காத்திருப்பு எப்படி ஒரு வியாபாரமாக வளர்ந்தது, அந்த வியாபாரம் ஏற்கெனவே எங்களிடம் இருந்த கேம்களை என்ன செய்தது என்று கதைக்கிறவர்கள் குறைவு. புதுக் கேமை விட ரீமேக்குகளில்தான் இது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ரீமேக்குகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கிறோம்.

கதை 1982இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. அந்த வருசம் அட்டாரி கம்பனி பக்-மேனை வீட்டு மெஷினுக்குக் கொண்டு வந்தது. ஆர்கேட் கடைகளில் காசு போட்டு விளையாடின கேம் இனி வீட்டு ரீவியில். சனம் அள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்குக் கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தால் பேய்கள் விட்டு விட்டு மினுங்கின, நிறம் வேறு, சத்தம் வேறு. அட்டாரி 2600இன் சக்தி அவ்வளவுதான். அதே வருசக் கடைசியில் ஈ.டி. வந்தது. ஸ்பீல்பெர்க் படத்தின் உரிமத்துக்கான பேச்சுவார்த்தை ஜூலைக் கடைசி வரை இழுபட்டது. நத்தாருக்குக் கடையில் இருக்க வேண்டும் என்பதால் ஹவர்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற ஒரே ஆள் சுமார் ஐந்து வாரத்தில் முழுக் கேமையும் எழுதி முடித்தார். விற்காமல் திரும்பி வந்த கார்ட்ரிஜ்களை அட்டாரியின் மற்றச் சரக்குகளோடு சேர்த்து 1983இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் புதைத்தார்கள். கட்டுக்கதை என்று பலர் நினைத்திருந்தார்கள். 2014இல் தோண்டினபோது உண்மையாகவே வெளியே வந்தன.

ஈ.டி. என்ற ஒரு கேம்தான் அமெரிக்க கேம் துறையையே கவிழ்த்தது என்று சொல்வது மிகை. தரம் பாராமல் சந்தையை நிரப்பின கம்பனிகள் அப்போது ஏராளம். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இரண்டு இடத்திலும் விற்கப்பட்டது கேம் என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே சனத்துக்குப் பிடித்திருந்த ஒரு பெயர்தான் விற்கப்பட்டது. பெட்டியைத் திறக்க முதலே வியாபாரம் முடிந்துவிட்டது.

ரீமேக் என்ற எண்ணமே கெட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1993இல் நின்டென்டோ பழைய மாரியோ கேம்களைப் புதிதாக வரைந்து ஒரே கார்ட்ரிஜில் தந்தது. நல்ல வேலை. அதைவிடப் பெரிய உதாரணம் 2002இல் வந்த ரெசிடென்ட் ஈவில். 1996இல் முதல் கேமை இயக்கின ஷின்ஜி மிகாமியே திரும்ப வந்து அதை மறுபடி செய்தார். பழையதில் ஒரு ஒடுங்கிய நடைபாதை வரும். நீங்கள் நடந்து போகும்போது ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும். விளையாடின ஒருவரும் அந்த இடத்தை மறக்க மாட்டினம். 2002இல் அதே நடைபாதையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால் கண்ணாடி விரிசல் விடும், அவ்வளவுதான். நாய் வராது. அப்பாடா எண்டு நினைத்து, பிறகு வேற வேலையாக அதே வழியால் வரேக்கதான் பாயும். சுட்டு விழுத்தின சொம்பிகளும் அப்படித்தான். உடலை எரிக்காமல் விட்டால் கொஞ்ச நேரம் கழித்து முன்னையதைவிட வேகமாக எழும்பி ஓடி வரும்.

அதாவது மிகாமி உங்கட ஞாபகத்தோடு விளையாடுகிறார். உங்களுக்கு எது தெரியும் என்று அவருக்குத் தெரியும். பழையதை விளையாடினவருக்கே இந்தக் கேம் கூடுதலாகப் பயம் காட்டும். ரீமேக் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது என்றால் அது இதுதான்.

ஃபைனல் ஃபன்டஸி 7இன் கதை கொஞ்சம் சிக்கல். 1997இல் மூன்று டிஸ்க்கில் வந்த கேம். 2005இல் பிளேஸ்டேஷன் 3இன் சக்தியைக் காட்டுவதற்காக அதன் ஆரம்பக் காட்சியைப் புதிதாகச் செய்து ஒரு கண்காட்சியில் போட்டார்கள். இது வெறும் மாதிரிதான் என்று சொல்லியும் ரசிகர்கள் விடவில்லை, பத்து வருசம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2014 டிசெம்பரில் சோனியின் மேடையில் அந்தக் கேமின் பெயர் வந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. பார்த்தால் பழைய கணினிப் பதிப்பை பிளேஸ்டேஷன் 4க்குக் கொண்டு வருகிற அறிவிப்பு. அந்த மண்டபத்தில் இறங்கின முகங்களை இப்போதும் வீடியோவில் பார்க்கலாம். அடுத்த ஜூனில் உண்மையான ரீமேக் அறிவிக்கப்பட்டது. கையில் கிடைத்தது 2020 ஏப்ரலில், நாங்கள் ஊரடங்குக்குள் இருந்த மாதம். அதுவும் முழுக் கதை இல்லை, மிட்கார் என்ற முதல் நகரம் மட்டும். பழையதில் சில மணித்தியாலத்தில் கடக்கிற பகுதி முப்பது மணித்தியாலத்துக்கு மேல் நீண்டது. இரண்டாவது பாகம் 2024 பெப்ரவரியில் வந்தது, மூன்றாவதுக்கு இன்னும் காத்திருப்பு.

தொலைந்த பூனையைத் தேடித் திரிய வைக்கிற பக்கவேலைகள் வெறும் இழுவை என்று எங்களில் பாதிப்பேர் சொல்லுகினம். மற்றப் பாதிப்பேர் அந்த நகரத்துக்குள் வாழ்ந்த மாதிரி இருந்தது என்று சண்டை பிடிக்கினம். சரி, பிடிக்கட்டும். ஏனெண்டால் 1997இன் கேமும் கடையில் இருக்கிறது. கட்டை விரல் மாதிரிக் கைகளோடு அந்தப் பழைய உருவங்களை இன்றைக்கும் வாங்கலாம், இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லலாம். விமர்சனம் என்ற ஒன்று நடப்பதற்கு இது அடிப்படை.

எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. 2012இல் கொனாமி சைலன்ட் ஹில் 2ஐயும் 3ஐயும் மெருகேற்றி ஒன்றாக வெளியிட்டது. வேலை செய்ய வந்தவர்களுக்குக் கிடைத்தது கடைசியாக வெளியான கேமின் மூல நிரல் இல்லை. அது பத்திரப்படுத்தப்படவே இல்லை. பாதியில் இருந்த ஒரு நிரலை வைத்துக்கொண்டு, பத்து வருசத்துக்கு முன் வேறு ஆட்கள் தீர்த்த பிழைகளை இவர்கள் திரும்பத் தீர்க்க வேண்டி வந்தது. ஒரு பெயர்ப்பலகையில் எழுத்து காமிக் சான்ஸ் எழுத்துருவில் இருந்தது. நல்லா யோசித்துப் பாருங்கோ, உலகத்திலேயே ஆகப் பயமான ஊர்களில் ஒன்றின் பலகை, நேர்சரிப் பிள்ளையின் பிறந்தநாள் அழைப்பிதழ் எழுத்தில்.

அதைவிடப் பெரிய சேதம் பனிமூட்டத்துக்கு. 1999இல் வந்த முதல் சைலன்ட் ஹில்லில் பனிமூட்டம் வந்ததே இயலாமையால்தான். முதல் பிளேஸ்டேஷனால் தூரத்துத் தெருக்களை வரைய முடியாது, அதை மறைக்கப் பனியைப் போட்டார்கள். பிறகு அந்தப் பனிதான் அந்த ஊரின் உயிர் ஆனது. மெருகேற்றின பதிப்பில் அது மெலிந்து, மறைந்திருக்க வேண்டிய விளிம்புகள் வெளியே தெரிந்தன. இரண்டாவது கேமின் கணினிப் பதிப்பைக் காசு வாங்காமல் வருசக்கணக்காகத் திருத்தி ஒழுங்காக வைத்திருப்பது ரசிகர்கள்தான்.

2020 ஜனவரியில் பிளிசார்ட் கம்பனி வார்கிராஃப்ட் 3ஐ ரீஃபோர்ஜ்ட் என்று புதுப்பித்தது. டோட்டா விளையாடினவர்களுக்குத் தெரியும், டோட்டாவே வார்கிராஃப்ட் 3க்குள் ரசிகர்கள் செய்த ஒரு மேப்தான். 2018இல் மேடையில் காட்டின சினிமாத்தனமான காட்சிகள் வெளியீட்டில் இல்லை. அது ஹைப்பின் வழமையான பொய், பழகிவிட்டோம். மோசமானது என்னவென்றால், புதியதை வாங்காமல் 2002இன் பழைய கேமை மட்டும் வைத்திருந்தவர்களும் இணையத்தில் விளையாட வேண்டுமானால் புது மென்பொருளுக்கு மாற வேண்டியிருந்தது. அதில் முன்பிருந்த தரவரிசையும் குழுக்களும் இல்லை. ஒரு புத்தகத்தின் திருத்திய பதிப்பு வந்தால் உங்கட அலுமாரியில் இருக்கிற பழைய பதிப்பின் பக்கங்கள் கழன்று போகாது. இங்கே போனது. அதோடு, இனி ரசிகர்கள் செய்கிற மேப்களின் உரிமையும் கம்பனிக்கே என்று விதிமுறையில் எழுதி வைத்தார்கள். இன்னொரு டோட்டா கை நழுவிப் போகக்கூடாதாம்.

இனி எங்களுக்குக் கிட்டவாக இருக்கிற கதைக்கு வருவோம். 2004இல் வந்த சான் அன்ட்ரியாஸை எங்கட தலைமுறையில் கடையில் காசு குடுத்து ஒரிஜினலாக வாங்கினவர்களை எண்ணக் கை விரல்கள் போதும். நெட் கஃபேயில் மணித்தியாலக் கணக்கில், இல்லாவிட்டால் கையால் பெயர் எழுதின கொப்பி டிவிடியில், அப்படித்தான் அது எங்களிடம் வந்தது. சில கொப்பிகளில் இடத்தை மிச்சம் பிடிக்க ரேடியோ முழுவதையும் வெட்டியிருப்பார்கள். காரில் ஏறினால் எஞ்சின் சத்தம் மட்டும்தான். பிறகு 2014இல், பாட்டுகளின் உரிமக் காலம் முடிந்ததும் ரொக்ஸ்டார் கம்பனியே ஓர் அப்டேட் மூலம் பல பாட்டுகளைக் கழற்றியது. கள்ளக் கொப்பிக்காரன் செய்ததையே கம்பனியும் செய்தது, காரணம் மட்டும் வேறு. காசு குடுத்து வாங்கியவர்களின் கணினியிலிருந்தும் பாட்டு போனது.

2021 செப்டெம்பரில், ஜிடிஏ 3ஐயும் வைஸ் சிட்டியையும் தாங்களாகவே நிரல் எழுதி மீட்ட ரசிகர்கள் மீது தாய்க் கம்பனி டேக்-டூ வழக்குப் போட்டது. ஒக்டோபர் 8 அன்று மூன்று பழைய ஜிடிஏக்களின் "டெஃபினிட்டிவ் எடிஷன்" அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த வாரமே பழைய பதிப்புகள் இணையக் கடைகளில் இருந்து எடுக்கப்பட்டன. புதியது எப்படி இருக்கும் என்று அந்த நேரம் ஒருவரும் விளையாடிப் பார்த்திருக்கவில்லை.

நவம்பர் 11 அன்று வந்தது. வந்த கையோடு கணினிப் பதிப்பு விற்பனையில் இருந்து எடுக்கப்பட்டு, சில நாள் கழித்தே திரும்பியது. சான் அன்ட்ரியாஸில் டஃப் நட் என்று ஒரு டோனட் கடை இருக்கிறது. பலகையில் டோனட்டுக்குப் பதிலாக போல்ட்டில் பூட்டுகிற அறுகோண நட் இருக்கும், அதுதான் பகிடி. புதுப் பதிப்பில் அந்த நட்டின் மூலைகள் உருட்டப்பட்டு வட்டமாகிவிட்டன. பழைய படங்களைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கியதில் வேறு பலகைகளில் எழுத்துப்பிழையும் வந்தது. பார்த்துத் திருத்த ஓர் ஆளுக்கு நேரம் குடுக்கப்படவில்லை என்பதைத் தவிர வேறெப்படி விளங்கிக்கொள்வது?

இங்கேயும் பனிமூட்டம் போனது. பிளேஸ்டேஷன் 2க்கு இருந்த நினைவகம் 32 மெகாபைட். ஒரு பக்கம் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் வருகிற தீவுக்குள் மூன்று நகரம், பாலைவனம், மலை எல்லாவற்றையும் அடக்கினவர்கள், தூரத்தைப் புழுதியாலும் மங்கலாலும் மூடினார்கள். லொஸ் சான்டோஸில் இருந்து கிளம்பி லாஸ் வென்ச்சுராஸ் போய்ச் சேரும்போது நாடு விட்டு நாடு போன களைப்பு வரும். மங்கலை எடுத்துவிட்டு விமானத்தில் ஏறிப் பார்த்தால் மூன்று நகரமும் ஒன்றுக்கொன்று பக்கத்து வீடு. எங்கட சின்ன வயதின் பெரிய நாடு ஒரு கரம் போட் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு ரொக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழைய கணினிப் பதிப்புகளைத் தன் சொந்தக் கடையில் திரும்ப வைப்பதாகச் சொன்னது. சனம் சத்தம் போட்டதால் மட்டும் நடந்தது அது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் வந்த த லாஸ்ட் ஒஃப் அஸ், 2014இல் ரீமாஸ்டர் ஆகி, 2022 செப்டெம்பரில் 70 டொலருக்கு ரீமேக் ஆனது. நாங்கள் கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்த மாதம் அது. அந்த நேரத்து மாற்று வீதத்தில் 25,000 ரூபாவுக்கு மேல். பழசு போதும் என்று இருக்கிற உரிமை எங்களைப் போன்ற நாட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் கூடத் தேவை.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 வீதம் இன்று கடையில் வாங்க முடியாதவை என்று 2023இல் வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் ஓர் ஆய்வில் கணக்கிட்டது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்கு இணையத்தால் காட்ட அனுமதி கேட்டார்கள். 2024 ஒக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, ஆக்கள் அவற்றைப் பொழுதுபோக்குக்காக விளையாடிவிடக் கூடும் என்பது. நாவலை நூலகத்தில் இருந்து எடுத்தவர் ரசித்து வாசித்துவிடுவாரோ என்று யாரும் இதுவரை பயந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அதே 2024இல் ஜிஓஜி என்ற இணையக் கடை 1990களின் மூன்று ரெசிடென்ட் ஈவில்களையும் இன்றைய கணினியில் ஓடும்படி செய்து விற்பனைக்கு விட்டது. எங்களிடம் அதைவிடச் சிறந்த ரீமேக்குகள் இருக்கே என்று கப்கொம் முதலில் தயங்கியதாக அந்தக் கடைக்காரர்கள் பிறகு சொன்னார்கள். மிகாமியின் நாய் எந்த ஜன்னலால் முதலில் பாய்ந்தது என்று தெரியாமல் அவருடைய ரீமேக்கின் பகிடி எப்படி விளங்கும்?

2024 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷனுக்கும் ஒரு பெரிய அப்டேட் வந்தது. பழைய வெளிச்சத்தைத் தெரிவு செய்யலாம், வானத்தில் பழைய நிறம், தூரத்தில் மங்கல். மூன்று வருசத்துக்குப் பிறகு சான் அன்ட்ரியாஸ் திரும்பப் பெரிய இடமாகத் தெரிகிறது. உரிமம் முடிந்த பாட்டுகள் மட்டும் வரவில்லை. அவை வேணுமெண்டால் 2004இன் டிஸ்க்கைத்தான் தேட வேண்டும்.