சீட்டித் துணியும் டி-ஷர்ட்டும்: துவைத்தால் போகாத சாயத்தின் கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அம்மா காலத்தில் பூப்போட்ட பருத்தித் துணிக்குச் 'சீட்டி' என்று பெயர். சீட்டிப் பாவாடை, சீட்டிச் சட்டை என்பார்கள். இப்போது சீட்டி என்றால் பிள்ளைகள் விசிலடிப்பதைத்தான் நினைப்பார்கள். ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்றதும் இந்தத் துணியைத்தான். போர்த்துக்கீசியர் 'பிந்தாடோ' என்றார்கள்; வரையப்பட்டது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் துணிக்கு இந்தியாவின் பெயரையே வைத்து 'அந்தியேன்' என்று அழைத்தார்கள்.

மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நம் சோழமண்டலக் கரையில் செய்த இந்தத் துணிமேல் 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா பைத்தியமாக இருந்தது. பூவும் கொடியும் அழகு என்பது மட்டும் காரணமில்லை. அங்கே துணியில் அச்சடித்த வண்ணம் தண்ணீர் பட்டால் கலங்கிவிடும். நம் ஊர்த் துணியைத் துவைக்கலாம், மறுபடியும் துவைக்கலாம், சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.

அது எப்படி என்று பார்ப்போம். இதில் நான் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது முழுக்க முழுக்க வேதியியல்.

முதலில் துணியை நன்றாக வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊற வைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, மேலே வரையும் நீர் பரவி ஓடாமல் தடுக்கும். பிறகு மூங்கில் எழுதுகோலால் வரைவார்கள். கறுப்புக் கோட்டுக்கு, துருப்பிடித்த இரும்பைப் புளிக்க வைத்து எடுத்த நீர். அது கடுக்காயோடு சேர்ந்ததும் கறுத்துவிடும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் சிவப்பை வைப்பதில்லை! படிகார நீரைத்தான் வைப்பார்கள். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் படிகாரம் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தோமே, அதேதான். அதன்பின் துணி முழுவதையும் சாயவேர் போட்ட கொதிநீரில் முக்குவார்கள். சாயவேர் என்பது சித்த வைத்தியத்தில் இம்பூறல் என்று சொல்லும் சிறு செடியின் வேர். கடற்கரை மணலில் நன்றாக வரும். யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து வேருக்கு இருந்த மதிப்பைப் பார்த்து ஒல்லாந்தர் அதைத் தங்கள் வருமானமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

கொதிநீரிலிருந்து எடுத்தால் துணி முழுக்கச் சிவந்து கிடக்கும். இப்போதுதான் முக்கியமான வேலை. ஆற்றில் அலசி, சாணம் கலந்த நீரில் போட்டு, வெயிலில் மணல்மேல் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து, மறுபடி அலசி, நாள்கணக்கில் இப்படிச் செய்வார்கள். படிகாரம் வைத்த இடத்தில் சாயம் நூலோடு ஒன்றாகிவிட்டதால் அசையாது. வைக்காத இடத்தில் வெளுத்துப் போகும். வெள்ளைத் தரையில் சிவப்புப் பூ மலர்ந்து நிற்கும். ஆக, துவைப்பதும் காயப்போடுவதும் அந்தத் துணிக்கு வந்த சோதனை இல்லை. அதைச் செய்து முடிக்கும் வேலையே அதுதான். வாங்குகிறவர் கைக்குப் போவதற்குள் துணி வெயிலையும் தண்ணீரையும் நன்றாகப் பார்த்து முடித்திருக்கும்.

நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கி எடுத்து, மெழுகைக் கொதிநீரில் கரைத்து எடுப்பார்கள். கடைசியில் மஞ்சள். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை இலை கிடைக்கும். ஆனால் மஞ்சள் மட்டும் நிற்காத சாயம். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டித் துணிகளைப் படத்தில் பார்த்தால் இலைகள் பெரும்பாலும் நீலமாக இருக்கும். அவை பச்சையாக இருந்த இலைகள். மஞ்சள் போய் நீலம் மட்டும் தங்கிவிட்டது.

இந்த வித்தையை ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பியவர்களில் ஒருவர் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருக்கிறது என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எழுதியவரும் இவர்தான். மதம் மாறிய சாயக்காரர்களிடம் ஒவ்வொரு படியாகக் கேட்டு 1742-இல் நீண்ட கடிதமாக எழுதினார். இன்றைய பேச்சில் தொழில் இரகசியம் களவுபோனது என்றே சொல்வேன். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டில் பிரான்சில் அச்சிட்ட பருத்தித் துணிக்கே தடை! 1686-இல் போட்ட தடையை 1759-இல்தான் எடுத்தார்கள். இங்கிலாந்திலும் இதே கதை. 1700-இல் ஒரு சட்டம், 1721-இல் இன்னொரு சட்டம். இடையில் 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் சீட்டித் துணி உடுத்தி வந்த பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள். அவர்கள் பிழைப்பு போகிறது என்ற கோபம். அதே கோபம் நூறு ஆண்டு கழித்து நம் நெசவாளர்களுக்கு வந்தபோது சட்டம் போட நமக்கு நாடாளுமன்றம் இல்லை.

பாடப்புத்தகத்தில் மிளகுக்காக வாஸ்கோ ட காமா வந்தது பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். துணி பற்றி ஓரிரு வரி வரும். துணியை வெளுத்தவர்கள் பற்றி அதுவும் கிடையாது. சென்னையில் வண்ணாரப்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது? கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் அது. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் சின்னத் தறிப் பேட்டை, அதாவது இன்றைய சிந்தாதிரிப்பேட்டை, உருவானபோது நெசவாளர், நூல் நூற்போர், சாயம் எழுதுவோரோடு துணி வெளுப்போரையும் சேர்த்தே குடியேற்றினார்கள். அவர்கள் இல்லாமல் ஒரு கஜம் துணிகூடக் கப்பல் ஏறாது என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குள் அவர்களை வாசலோடு நிறுத்திய நமக்குத்தான் தெரியவில்லை.

உவர்மண்ணில் உள்ள காரம் அழுக்கை எடுக்கும் என்பதும், வெள்ளாவிப் பானையில் இரவு முழுக்க ஆவி ஏற்றினால் துணி வெளுக்கும் என்பதும் அவர்கள் அறிவு. எந்தத் துணியை வெள்ளாவியில் வைக்கலாம், எதைத் தனியே அலச வேண்டும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் மூலையில் ஒரு குறி போடுவார்கள். ஒரு வீட்டுக்குப் புள்ளி இரண்டு, இன்னொரு வீட்டுக்குச் சிலுவைக் கோடு. அதன்மேல் சுண்ணாம்பு பட்டதும் கறுத்துவிடும். துணி கிழிந்தாலும் குறி போகாது. ஆளுக்கென்று தனியாக அச்சிட்ட உடை என்று இன்று கடைகளில் விளம்பரம் செய்கிறார்கள். நம் வேட்டி மூலையில் அது எத்தனையோ தலைமுறையாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் சொன்னவர்கள் எழுதிய எழுத்து அது.

சாயவேருக்கு முடிவு ஜெர்மனியிலிருந்து வந்தது. அதே வகைச் சிவப்பை 1868-இல் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரியையும் முடித்தது. 1956-இல் பருத்தி நூலோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம் வந்தது. இன்று நாம் போடும் பருத்தி டி-ஷர்ட்டின் நிறம் பெரும்பாலும் அந்த வகைதான்.

டி-ஷர்ட் என்பது உள்ளே போடும் பனியன்தான். அமெரிக்கக் கடற்படை 1913-இல் மாலுமிகளுக்குக் கொடுத்தது. 1951-இல் மார்லன் பிராண்டோ சினிமாவில் அதையே மேலுடையாகப் போட்டு வந்த பிறகு இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1948-இல் டியூவி என்ற ஜனாதிபதி வேட்பாளருக்காக வாசகம் அச்சடித்த டி-ஷர்ட் வந்துவிட்டது. தேர்தலில் அவர் தோற்றார், டி-ஷர்ட் ஜெயித்தது.

இந்த இடத்தில் நம் மெட்ராஸ் மறுபடியும் வருகிறது. 1950-களின் கடைசியில் இங்கிருந்து கட்டம்போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போய்ச் சட்டையானது. தண்ணீரில் சாயம் கசியும் துணி. குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். அவர்கள் மெஷினில் மற்ற துணியோடு போட்டார்கள். எல்லாம் சாயமாகிவிட்டது, ஒரே புகார். விளம்பரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புது அழகு பெறும் துணி, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் என்றே விற்றார்கள். விற்றும் தீர்ந்தது! துவைக்கும் முறையை எழுதித் துணியிலேயே தைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. காலரில் குத்துகிறது என்று நாம் கத்தரித்துப் போடுகிறோமே, அந்தச் சிறு பட்டைதான்.

சென்ற மாதம் என் பழைய மாணவர்கள் சந்திப்புக்கு எல்லோரும் ஆண்டும் பள்ளிப் பெயரும் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டு வந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். மூன்றே சலவையில் சிலருக்கு எழுத்து உரிந்துவிட்டதாம். துவைத்தவர்மேல்தான் எல்லோரும் குறை சொன்னார்கள், அதாவது வீட்டுப் பெண்கள்மேல். அது நியாயமில்லை, காரணம் சொல்கிறேன்.

டி-ஷர்ட்டின் நிறம் நூலுக்குள் இருக்கிறது. மேலே உள்ள எழுத்து அப்படியில்லை. சட்டத்தில் திரை கட்டி மசியைத் தள்ளி அடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங்கில் அதிகம் பயன்படுவது பிளாஸ்டிசால். பி.வி.சி. துகளை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கலந்த மசி அது. சுமார் 160 டிகிரி சூட்டில் வெந்தால்தான் ஒன்றாகி இறுகும். இறுகினாலும் அது துணிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம்தான். சரியாக வேகவில்லை என்றால் எப்படித் துவைத்தாலும் விரிசல் விடும். வாங்கும்போதே எழுத்துள்ள இடத்தை இரு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். உடனே வெடித்தால் அது அச்சகத்தின் குறை. அவசரத்தில் சூட்டைக் குறைத்திருப்பார்கள்.

நன்றாக வெந்த அச்சுக்கு எதிரிகள் உராய்வும் சூடும்தான். அதனால் உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுத் துவையுங்கள். ஜீன்ஸ், ஜிப் வைத்த துணியோடு சேர்க்காதீர்கள். பச்சைத் தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம். இரவு முழுக்க ஊற வைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, கல்லில் அடிப்பது, பிளீச் ஊற்றுவது எல்லாம் வேட்டிக்குச் சரி, இதற்கு ஆகாது. கை சலவையானால் அழுத்திப் பிழியுங்கள், முறுக்காதீர்கள். பின்னலாடை ஈரத்தில் இழுபடும், மேலே உள்ள படலம் அவ்வளவு இழுபடாது, விரிசல் அங்கேதான் ஆரம்பம். நிழலில் காயப்போடுங்கள். சீட்டித் துணியை வெயிலில் விரித்தார்களே என்று கேட்பீர்கள். அது வெயிலுக்கென்றே செய்த சாயம். இது அப்படியில்லை, வெயிலில் நிறமும் வெளுக்கும். இஸ்திரிப்பெட்டியை எழுத்தின்மேல் நேராக வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். திருப்பிப் போட்டு, குறைந்த சூட்டில் தேயுங்கள். எழுத்தோடு எழுத்து ஒட்டும்படி மடித்து வைக்க வேண்டாம்.

நீரில் கரையும் மசியால் அடித்த அச்சு நூலில் ஊறி நிற்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும், உரியாது, மெல்ல வெளுக்கும். விளையாட்டு வீரர்கள் போடும் பாலியஸ்டர் பனியனில் சாயம் ஆவியாகி இழைக்குள் போய்விடுவதால் விரிசல் என்ற பேச்சே இல்லை. அதே முறை பருத்திக்குப் பிடிக்காது. எனவே ஐம்பது, நூறு என்று சொல்லி வாங்கும் முன் எந்த முறையில் அடிக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

பட்டையில் உள்ள படங்களையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி என்றால் துவைப்பது, உள்ளே 30 என்றிருந்தால் அதற்குமேல் சூடு கூடாது. முக்கோணம் பிளீச். சதுரம் காயவைப்பது, அதன் மூலையில் இரண்டு சாய்கோடு இருந்தால் நிழல் என்று பொருள். இஸ்திரிப்பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, மூன்று என்றால் அதிகம். எதன்மேல் பெருக்கல் குறி இருந்தாலும் அது வேண்டாம் என்று அர்த்தம்.

கடைசியாகத் திருப்பூர். நாம் துவைக்கும்போது சாயம் போகக் கூடாது என்று கேட்கிறோம். அப்படியானால் ஒட்டாத சாயத்தையெல்லாம் பட்டறையிலேயே அலசி எடுத்தாக வேண்டும். அந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் நொய்யலில்தான் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. இரண்டு பக்கத்துக் கண்ணீரும் உண்மை. அதன்பின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. அந்தச் செலவும் நாம் வாங்கும் பனியன் விலையில் இருக்கிறது. ஒரு நாள் கூட்டத்துக்காக நூறு டி-ஷர்ட் அடிக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள். அடித்தால் ஐந்து வருடம் போடுங்கள்.

மதுரைச் சுங்குடி பற்றி இதில் எழுத இடமில்லை. அதை அடுத்த ஞாயிறு தனிப் பதிவாக எழுதுகிறேன். உங்கள் ஊரில் வெள்ளாவி வைத்ததைப் பார்த்தவர்கள், சேங்கொட்டைக் குறி போட்ட துணி வீட்டில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.