முறைமைப் படிமமாக்கல்

முறைமைப் படிமமாக்கல் என்பது பல உறுப்புகளைக் கொண்ட சிக்கலான பொறியியல் முறைமை ஒன்றை, தனித்தனிப் பகுதிகளாக மட்டும் நோக்காது, முழுமையாகச் சமன்பாடுகளாலும் வரைபடங்களாலும் கணினி நிரல்களாலும் உருவகித்து ஆராயும் முறை ஆகும். விமானம், ஏவூர்தி, மின்வலையமைப்பு போன்றவற்றில் இயந்திரப் பகுதிகளும் மின்சுற்றுகளும் மென்பொருளும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. தனியே சரியாக இயங்கும் உறுப்புகள் இணையும்போது எதிர்பாராத நடத்தை தோன்றக்கூடும்.

அடிப்படை

வெவ்வேறு துறைகளைச் சார்ந்த உறுப்புகளை ஒரே படிமத்தில் இணைக்கத் திறன் பொது அளவையாகப் பயன்படுகிறது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். விசையையும் திசைவேகத்தையும், அல்லது குழாயில் அழுத்தத்தையும் பாய்வு வீதத்தையும் பெருக்கினாலும் திறனே கிடைக்கும். இவ்வொப்புமையைக் கொண்டு ஹென்றி பெயின்டர் 1959 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிணைப்பு வரைபட முறையை உருவாக்கினார். மின்னோடியையும் அது இயக்கும் பம்பையும் இம்முறையில் ஒரே வரைபடத்தில் காட்டலாம். மொடெலிக்கா என்னும் படிமமாக்க மொழியின் முதற் பதிப்பு 1997 இல் வெளியானது. இதில் சமன்பாடுகளை எழுதினாற் போதும். எந்த மாறியை எதிலிருந்து கணிப்பது என்பதை மென்பொருளே தீர்மானிக்கும்.

ஏரியான் 5 விபத்து

முழு முறைமையையும் சேர்த்து ஆராயாததன் விளைவுக்கு இவ்விபத்து நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். 1996 சூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியான் 5 ஏவூர்தி, ஒரு நிமிடம் நிறைவடையுமுன் பாதை விலகிச் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

ஏவூர்தியின் நிலையையும் வேகத்தையும் அளக்கும் நிலைமக் கருவியின் மென்பொருள் ஏரியான் 4 இலிருந்து பெறப்பட்டது. ஏரியான் 5 இன் கிடைத்திசை வேகம் மிகுதியாதலால், அதனைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது அது கொள்ளளவை மீறியது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருளே இருந்தது. எனவே அது பெயரளவிலேயே மாற்று. இரண்டும் செயலிழந்தன. கருவி அனுப்பிய பழுதறி தரவைப் பறப்புத் தரவாகக் கொண்ட முதன்மைக் கணினி, உந்துபொறிகளின் கூம்புக்குழல்களை முழுவதுமாகத் திருப்பியது.

இதில் வியப்புக்குரியது, அம்மென்பொருள் ஏரியான் 4 இல் குறையின்றி இயங்கி வந்தது என்பதே. ஏரியான் 5 இன் பறப்புப் பாதைத் தரவு அக்கருவியின் தேவை விவரங்களில் சேர்க்கப்படவில்லை என விசாரணைக் குழு கண்டறிந்தது. முழுமுறைமைச் சோதனைகளிலும் உண்மைக் கருவிக்குப் பதிலாக, அதன் வெளியீட்டைப் பாவனை செய்யும் நிரல்களே இணைக்கப்பட்டிருந்தன. விபத்துக்குப் பின், உண்மையான பறப்புப் பாதைத் தரவுடன் அக்கருவியின் மென்பொருளை இயக்கியபோது, அதே நிகழ்வுத்தொடர் கணினியில் மீண்டும் தோன்றியது.