செவிவழி வந்த அறம்

கேள்வியின் சிறப்பை உரைக்கத் திருவள்ளுவர் ஒரு தனி அதிகாரமே வகுத்தார். ஏடறியாதாரும் கேட்டு உயரலாம் என்பது தமிழர் பண்டுதொட்டுப் போற்றிய நெறி. கோயில் மண்டபத்துப் பிரசங்கமும் திண்ணைக் கதையும் அந்நெறியில் தழைத்தவையே. இருபதாம் நூற்றாண்டில் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது வானொலி.

1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16-ஆம் நாள் திருச்சி நிலையமும் தோன்றின. சென்னை நிலையம் தமிழிலும் தெலுங்கிலும் பேசிற்று. ஆதலின் சித்தூர்ச் சீமையில் அடுத்தடுத்து வாழ்ந்த இரு மொழியாரும் ஒரே நிலையத்துக்குச் செவி சாய்த்தனர்.

1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. நிலத்தில் எல்லை வகுக்கலாம். வானில் வகுக்க இயலுமோ? பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்புப் பெறாத நம் பிள்ளைகளுக்கும் வானொலித் தமிழ் செவியில் விழுந்தது.

தாம் வாழும் கொள்கையைச் சில நிமிடங்களில் எடுத்துரைக்கும் வானொலிக் கட்டுரை அமெரிக்காவில் தனித்துறையாகவே விளங்கிற்று. 1951 முதல் 1955 வரை எட்வர்டு மர்ரோ நடத்திய நிகழ்ச்சியில் ஹெலன் கெல்லர் போன்ற பெரியோரும் பொதுமக்களும், ‘இதை நான் நம்புகிறேன்’ என்று தம் உள்ளத்தைத் திறந்து காட்டினர்.

தமிழில் அப்பணியை வேறொரு முறையில் ஆற்றியவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். சென்னை வானொலியில் அவர் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ பல்லாண்டுகள் காலைப்பொழுதில் ஒலித்தது. ‘என் கொள்கை இது’ என்று அவர் பறைசாற்றவில்லை. ஒரு சிறு கதை. ஏற்ற இறக்கமற்ற குரல். இறுதியில் ஒரு நகைச்சுவை. சிரித்து முடித்த பின்னரே அறம் உள்ளே புகுந்திருப்பது புலனாகும். 2009-இல் அவர் மறைந்தார். எனினும் அக்குரல் நூலாகவும் ஒலிப்பதிவாகவும் வாழ்கின்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? எழுத்தறியாப் பிள்ளையும் தாய்மொழியைச் செவியால் காக்கலாம். ஆனால் பேசுவோர் வேண்டும். நம் முதியோர் உள்ளத்தில் உள்ள வாழ்க்கை நெறிகள் ஏட்டிலும் இல்லை, ஒலிப்பதிவிலும் இல்லை. சங்கக் கூட்டந்தோறும் ஒருவர் ஐந்து நிமிடம் தம் நம்பிக்கையைத் தமிழில் உரைக்கட்டும். இளைஞர் அதனைப் பதிந்து வைக்கட்டும். செவிச்செல்வம் நம் வழித்தோன்றல்களையும் சேர்க.

வாழ்க தமிழ்!