அறக்கொட்டியும் கைபேசியும்

படுவான்கரையில் வெள்ளாமை செய்யிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அறக்கொட்டியை விளக்கத் தேவையில்லை. கபில நிறத் தத்தி என்பது திணைக்களம் சொல்லும் பெயர். அது இலையில் இருக்காது. பயிரின் அடியில், தண்ணிக்குச் சற்று மேலே தண்டில் ஒட்டிச் சாறு உறிஞ்சும். வட்டையில் நெல் வட்டம் வட்டமாகக் கருகின பிறகு இலையைப் படம்பிடித்துக் கைபேசியிடம் கேட்டால், பதில் சரியாக வந்தாலும் பயிர் போயிரும்.

1970களில், புதிய நெல்லினங்களோடும் உரத்தோடும், இந்தப் பூச்சி ஆசியாவின் பல நாடுகளில் பெருகியது. கண்டபடி அடித்த மருந்து, அதைத் தின்னும் சிலந்திகளையும் கொன்றது. அடிக்க அடிக்கத் தத்தி கூடியது. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. மறுகா வயல்வெளிப் பள்ளிகள் வைத்து, பூச்சியை எண்ணிப் பார்க்க விவசாயிகளைப் பழக்கியது.

அந்த எண்ணும் பழக்கம்தான் பிறகு கைபேசிக்குள் வந்தது. சேனா படைப்புழு 2018இல் அம்பாறைச் சோளத்தில் தென்பட்டது. அதே ஆண்டு ஐ.நா. உணவு விவசாய அமைப்பு வெளியிட்ட 'ஃபேம்யூஸ்' செயலி, சோளத்துக்குள் நடந்து, புழு பட்ட பயிர்களை எண்ணிப் பதியச் சொன்னது. சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யும். எனக்குப் பிடித்தது இந்த வகைதான். படத்தைப் பார்த்து மருந்துப் பெயர் சொல்லும் செயலி, மருந்துக்கடைக்காரர் செய்கிறதைத்தானே செய்கிறது?

நெல்லுக்கு வரும் செயலிக்கு "அறக்கொட்டி" என்று எழுதினால் விளங்க வேணும். தண்டடியில் தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று அது கேட்க வேணும். இப்போதைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இருக்கு. எடுக்க முதல் வயலுக்குள் இறங்கி, பயிரை விரித்து அடியைப் பாருங்க; அவங்க கேட்கப்போறதும் அதைத்தான்.