தொழுவம் போன பிறகு: ஜெகதளாவும் சமையலறைக் கழிவும்

நீலகிரியில் வீட்டுக் கழிவை மட்க வைத்து உரமாக்கும்படி மக்களை வலியுறுத்துவோர், அதை மலைக்குப் புதிதாக வந்த நற்பழக்கமாகவே பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றனர். குன்னூருக்கு அருகில், நீலகிரியின் வேளாண் சமூகத்தாரான படகர்கள் 'ஹட்டி' என்று அழைக்கும் பழைய ஊர்களுள் ஒன்றான ஜெகதளாவின் வேளாண் வரலாற்றைப் பார்த்தால், உரமாக்கும் பழக்கம் அங்கே முன்பே வேரூன்றியிருந்து, அதைத் தாங்கிநின்ற நிலமும் கால்நடையும் மாறியதால் தளர்ந்துபோனது என்பதும், இன்று காணப்படும் தயக்கத்தின் வேர் அந்த மாற்றத்தில் இருக்கிறது என்பதும் விளங்கும்.

தேயிலைக்கு முந்தைய படகர் வேளாண்மை சாமை, கேழ்வரகு, கோதுமை, பார்லி ஆகிய தானியங்களையும் எருமை மந்தைகளையும் சார்ந்திருந்தது. ஊரை ஒட்டிய நிலங்களுக்கு ஆண்டுதோறும் தொழு உரம், அதாவது தொழுவத்துச் சாணமும் கோமியம் ஊறிய கூளமும் சேர்ந்து மட்கிய எரு, இடப்பட்டது. தொலைவிலிருந்த நிலங்களோ சில ஆண்டுகள் உழப்பட்டபின் தரிசாக விடப்பட்டுத் தம் வளத்தைத் தாமே மீட்டுக்கொண்டன. ஆங்கிலேயர் ஆவணங்களில் 'புர்த்தி' எனக் குறிக்கப்பட்ட இந்தச் சுழற்சி உரிமை 1860-களில் நீக்கப்பட்டபின், ஒரே நிலத்தை ஓய்வின்றிப் பயிரிட வேண்டிய நிலை ஏற்பட்டு, எருவின் தேவை முன்னிலும் கூடியது. இப்படி எருவை நம்பிய வேளாண் வீட்டில் அரிசி, பருப்புக் கழுவிய நீரும் காய்த்தோலும் மிஞ்சிய சோறும் கழிவாகக் கருதப்படவில்லை. அவை மாட்டின் தொட்டிக்குப் போய், சாணமாகத் திரும்பி, எருக்குழி வழியே வயலைச் சேர்ந்தன. வீட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் மாடு நின்றதால், உணவுக் கழிவைத் தனியே மட்க வைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

கழிவு கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும் என்ற மற்றோர் எண்ணம் இவ்வூரின் எல்லையிலேயே வளர்ந்தது. இன்று வெலிங்டன் எனப்படும் படைநகரத்தின் தொடக்கப் பெயர் இவ்வூரைக் கொண்டே 'ஜக்கதல்லா' என வழங்கியது. 1850-களில் அங்கே படைவீடுகள் எழுந்தன. இந்தியாவிலிருந்த படையின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863-இல் அறிக்கை அளித்தபோது, அழுகும் பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை இன்னும் வலுவாக இருந்தது. ஆகவே குப்பையைக் குடியிருப்பிலிருந்து அகற்றுவது படைநகர நிர்வாகத்தின் கடமையாயிற்று. கொள்ளைநோய்கள் மலிந்த அக்காலத்தில் அது நியாயமான அக்கறைதான். எனினும் வாசலருகே இருக்கும் எருக்குழியை அசுத்தத்தின் அடையாளமாகக் காணும் பார்வையும் அதனோடு பரவியது.

இருபதாம் நூற்றாண்டில் மலைச்சரிவுகளின் பயிரே மாறியது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் வந்த உருளைக்கிழங்கு பெரும் பணப்பயிராக வளர்ந்து, எருவோடு விலைக்கு வாங்கிய உரத்தையும் பழக்கப்படுத்தியது. 1961-இல் உதகை அருகே கண்டறியப்பட்ட தங்க நூற்புழு, அதாவது கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நுண்புழு, அப்பயிரின் மீதான நம்பிக்கையைக் குலைத்தது. அதே காலத்தில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் தோன்றவே, சிறு விவசாயிகள் வேகமாகத் தேயிலைக்கு மாறினர். மேய்ச்சல் நிலம் சுருங்கியது, எருமைகள் குறைந்தன, யூரியா மூட்டைகள் எருவின் இடத்தைப் பிடித்தன. அரிசியும் காயும் கடையிலிருந்து வர, அவற்றின் எச்சம் திரும்பிச் செல்ல வழியில்லாமற் போனது. தயக்கத்தைச் சோம்பலாக மட்டும் காண்போர் இந்த இழப்பின் அளவை உணர்வதில்லை.

மட்குதலை ஒழுங்கான முறையாக வகுக்கும் முயற்சிகள் இந்தியாவில் முன்பே நடந்திருந்தன. ஆங்கிலேய வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் உருவாக்கிய முறை, பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி, குறித்த இடைவெளியில் புரட்டி, ஏறத்தாழ மூன்று மாதத்தில் உரமாக்கியது. இந்திய ஆய்வாளர் சி. என். ஆச்சார்யா 1939-இல் பெங்களூரில் வகுத்த முறை, நகரக் குப்பையைக் குழியில் அடுக்கி மண்ணால் மூடிப் புரட்டாமல் விட்டது. முதல் முறைக்குச் சாணம் வேண்டும்; இரண்டாவதற்கு நீர் தேங்காத குழி வேண்டும். மாடில்லாததும், வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்ப்பதுமான குன்னூர்ப் பகுதியில் இரண்டையும் அப்படியே பின்பற்றுவது கடினம்.

இக்காலத்துத் தயக்கத்துக்கு மலைக்கே உரிய காரணங்களும் உண்டு. குளிரில் நுண்ணுயிர்களின் வேகம் குறைவதால், சிறு தொட்டியில் இட்ட கழிவு சூடேறாமல் பல மாதம் கிடக்கிறது. ஈரம் மிகுந்து காற்றுப் புகாதபோது நாற்றம் எழுகிறது. உணவு வாசனையை நாடிக் கரடி வீட்டுப் பக்கம் வரும் என்ற அச்சம் கற்பனையன்று, குன்னூர் வட்டாரத்தில் கரடிகள் குடியிருப்புகளுக்குள் நுழைவது அடிக்கடி நிகழ்வதே. இறைச்சியையும் எண்ணெய்ப் பண்டங்களையும் தவிர்த்து, ஒரு பங்கு காய்க்கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு உலர்ந்த சருகு சேர்த்து, மூடியுள்ள உறுதியான தொட்டியில் மழை படாமல் வைத்தால் நாற்றம் பெருமளவு அடங்கும். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது, அதாவது மேற்கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்தும்போது, விழும் இலையும் சுள்ளியும் உலர்ந்தபின் இதற்கு ஏற்றவை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மட்கும் குப்பையை வீட்டிலேயே பிரிக்கும்படி கூறின. பிரித்ததைச் சேர்க்க வீட்டின் பின்புறம் ஒரு பாத்தி அவரையோ கோசோ இருந்தால், மாடு நின்ற இடத்தைத் தொட்டியால் ஓரளவு நிரப்ப முடியும்.