கையில் பட்ட மருந்து

வெட்டிய மரத்தை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கறுத்துப்போன பலகையை யார் வாங்குவார்கள்? மர வியாபாரிகளின் இந்தத் தலைவலிக்கு 1930களில் ஒரு மருந்து வந்தது. பெயர் பென்டாகுளோரோஃபீனால். வாயில் நுழையவில்லையா? பி.சி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையை அதில் முக்கி எடுத்தார்கள். மின்கம்பங்களில் ஏற்றினார்கள். தோலுக்கும் போட்டார்கள். பூஞ்சை செத்தது. சரி, முக்கி எடுத்த கைகள்? பி.சி.பி. மனிதத் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

சுவீடனில் லென்னார்ட் ஹார்டெல் என்ற புற்றுநோய் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் கண்ட 169 பேர், அது இல்லாத 338 பேர். இரு தரப்பும் என்ன வேலை பார்த்தது, எதையெல்லாம் தொட்டது என்று அவர் குழு விசாரித்தது. 1981-ல் முடிவு வெளியானது. நோயாளிகள் பக்கம்தான் பி.சி.பி. வகை ரசாயனங்களோடு புழங்கியவர்கள் அதிகம்.

உடனே ஆட்சேபணை. நோய் வந்தவன் யோசித்து யோசித்துச் சொல்வான், வராதவன் மறந்திருப்பான். தவிர, பி.சி.பி.யில் டையாக்சின் என்ற விஷமும் கலந்திருக்கும். குற்றவாளி அதுவாக இருந்தால்? நியாயமான கேள்விகள்தான்.

பதில் கனடாவிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் 14 மர அறுவை ஆலைகளில் வேலை பார்த்த 27,464 ஆண்கள். நோயாளிகளின் ஞாபகத்தை நம்பவில்லை. ஆலைப் பதிவேட்டையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் ஒப்பிட்டார்கள். 2006-ல் விடை கிடைத்தது. பி.சி.பி. உடம்பில் பட்ட காலம் கூடக் கூட நிணநீர்ப் புற்றுநோயும் கூடியது. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயும் கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் தீர்ப்பே சொல்லிவிட்டது: பி.சி.பி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும். டையாக்சின் மேல் மட்டும் பழி போட முடியாது.

நமக்கென்ன என்கிறீர்களா? நம் தோல் பதனிடும் தொழிலிலும் இதே பி.சி.பி. இருந்தது. 1989-ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் பி.சி.பி. இருந்தால் உள்ளே வராதே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரமே ஆடிப்போனது. மாற்று மருந்து விலை அதிகம். ஆனாலும் மாறினார்கள். சரக்கு திரும்பி வந்தால் யாருக்கு நஷ்டம்?

கணக்கைப் பாருங்கள். விஞ்ஞானத்தின் தீர்ப்புக்கு 27 வருடம் முன்பே வியாபாரம் பி.சி.பி.யை வெளியேற்றிவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த 5 மில்லிகிராம், ஷூ வாங்குகிறவரின் காலுக்காகப் போட்ட கணக்கு. தொட்டியில் கை விட்டவர் அதன் புண்ணியத்தில் தப்பினார், அவ்வளவுதான்.

கனடாவில் உண்மை வெளிவந்ததற்குக் காரணம், தொழிலாளியின் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது. தினக்கூலிக்கு வந்து போகிறவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும், சொல்லுங்கள்?