வாக்குக்கு வராத திருத்தங்கள்: இந்திய ஒலிபரப்புச் சட்டமும் எல்லையோர நேயரும்

ஒரு மசோதா அவையில் அறிமுகமாவதும் நிறைவேறுவதும் நாளேடுகளில் பதிவாகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில், உறுப்பு உறுப்பாக, சொல் சொல்லாக மசோதா எடைபோடப்படும் கட்டம் ஒன்று உண்டு. ‘மொழி’ என்றிருந்தது ‘மொழிகள்’ ஆவதும், ‘செய்யலாம்’ என்றிருந்தது ‘செய்ய வேண்டும்’ ஆவதும் அங்கேதான். இந்திய ஒலிபரப்புச் சட்ட வரலாற்றில் அக்கட்டம் வியப்பூட்டும் அளவுக்கு வெறுமையாக இருக்கிறது. அவ்வெறுமையின் விளைவு என்ன என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் நடைமுறை. மக்களவை ஒரு மசோதாவை இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்கு அனுப்பினால், அக்குழுவில் மக்களவையினர் இருவருக்கு மாநிலங்களவையினர் ஒருவர் என்ற விகிதத்தில் உறுப்பினர்கள் அமைவர். கூட்டம் நடைபெற மூன்றில் ஒரு பங்கினர் வந்திருக்க வேண்டும். சாட்சியங்கள் கேட்டு முடிந்தபின் உறுப்புவாரிப் பரிசீலனை தொடங்கும். ஓர் உறுப்பின் மீதான திருத்தங்கள் முதலில் வாக்குக்கு விடப்படும். பின்னரே அவ்வுறுப்பு, திருத்தத்துடனோ திருத்தமின்றியோ, ஏற்கப்படும். குழுவில் இடம்பெறாத உறுப்பினரும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் குழு உறுப்பினர் ஒருவர் அதை முன்மொழிந்தாலன்றி அது பரிசீலனைக்கு வராது. மக்களவை விதி 261இன்படி வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையே முடிவு. வாக்குகள் சமமானால் விதி 262 தலைவருக்கு மேலும் ஒரு வாக்கு அளிக்கிறது. தோற்றவர்கள் மாறுபட்ட கருத்துக் குறிப்பை எழுதி அறிக்கையுடன் இணைக்கலாம். இவையனைத்தும் மூடிய கதவுகளுக்குள் நடப்பவை. அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை மறைபொருள்.

தோற்ற திருத்தமும் ஓர் ஆவணமே என்பது இந்நடைமுறையின் சிறப்பு. யார் எதைக் கேட்டார், யார் மறுத்தார் என்பதை அது பின்வரும் தலைமுறைக்கு விட்டுச் செல்கிறது. ஒலிபரப்புத் துறையில் அத்தகைய ஆவணம் நமக்கு ஏன் கிட்டவில்லை?

அசோக் சந்தா குழு 1966இல் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தனித்தனிக் கழகங்களைப் பரிந்துரைத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு ஊடகம் ஆளுங்கட்சியின் குரலாக மாறிய பட்டறிவுக்குப்பின் அமைந்த பி.ஜி. வர்கீஸ் குழு, 1978இல் ‘ஆகாஷ் பாரதி’ என்னும் தன்னாட்சி அறக்கட்டளையை முன்வைத்தது. அதனினும் மெலிந்த வடிவில் 1979இல் எல்.கே. அத்வானி கொண்டுவந்த பிரசார் பாரதி மசோதா, மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியாயிற்று.

இரண்டாம் முயற்சி, 1989 டிசம்பரில் வி.பி. சிங் அரசின் அமைச்சர் பி. உபேந்திரா அறிமுகப்படுத்திய மசோதா. தேசிய முன்னணி அரசு சிறுபான்மை அரசு. மாநிலங்களவையிலோ காங்கிரசின் இசைவின்றி எதுவும் நிறைவேறாது. எனவே, எதிர்க்கட்சி விரும்பிய திருத்தங்கள் பேச்சுவார்த்தையின் வழியே மசோதாவுக்குள் வந்தன. 1990 செப்டம்பர் 12இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேருமாக 22 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றக் குழு கழகத்தைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்கள் விகிதாசார முறையில், ஒற்றை மாற்று வாக்கின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பெரும்பான்மைக் கட்சி குழு முழுவதையும் கைப்பற்றிவிடக் கூடாது என்ற எண்ணம் இம்முறையிலேயே பொதிந்துள்ளது. ஆனால் சட்டம் ஏழாண்டுகள் நடைமுறைக்கே வரவில்லை.

அந்த ஏழாண்டுகளில் வானம் மாறிவிட்டது. செயற்கைக்கோள் அலைவரிசைகள் வீடுகளுக்குள் நுழைந்தன. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு, அலைக்கற்றை பொதுச்சொத்து. அதை ஒழுங்குபடுத்தத் தன்னாட்சியுள்ள பொது அமைப்பு ஒன்று வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்புக்கு விடையாக வந்ததே 1997ஆம் ஆண்டின் ஒலிபரப்பு மசோதா. அவ்வாண்டு மே மாதம் மக்களவையில் அறிமுகமான அது, சரத் பவார் தலைமையிலான கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. உரிமம் வழங்கத் தனி ஆணையம், அயல்நாட்டு முதலீட்டுக்கு 49 விழுக்காடு வரம்பு, நாளேட்டு நிறுவனங்கள் தொலைக்காட்சியிலும் ஆதிக்கம் பெறாதிருக்கக் குறுக்கு உடைமைக் கட்டுப்பாடு, அரசியல் அமைப்புகளுக்கும் சமய அமைப்புகளுக்கும் உரிமம் மறுப்பு எனத் தலைமுறைகளைப் பாதிக்கக்கூடிய உறுப்புகள் அதில் இருந்தன. கட்சி அரசியலும் தொலைக்காட்சியும் நெருங்கிப் பிணைந்து வளர்ந்த தமிழகத்துக்கு இறுதியாகச் சொன்ன உறுப்பு எத்துணை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. அதன் மீதான ஒரு வாக்கெடுப்பு, ஒவ்வொரு கட்சியையும் தன் நிலைப்பாட்டை ஏட்டில் பதியச் செய்திருக்கும். ஆனால் குழு அறிக்கை அளிக்கும் முன்பே, 1997 டிசம்பர் 4இல் மக்களவை கலைக்கப்பட்டது. அரசமைப்பின் 107(5) உறுப்பின்படி மசோதா மடிந்தது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. செப்டம்பர் 15இல் பிரசார் பாரதிச் சட்டம் ஒருவழியாக நடைமுறைக்கு வந்தது. அக்டோபரிலேயே அவசரச் சட்டம் ஒன்று 13ஆம் பிரிவின் நாடாளுமன்றக் குழுவை நீக்கியது. அடுத்து வந்த வாஜ்பாய் அரசின் காலத்தில், 1998 மே மாதம், அந்த அவசரச் சட்டம் காலாவதியாகி, பழைய பிரிவு ஏட்டில் மீண்டது. பேச்சுவார்த்தையில் வந்த பிரிவு, வாக்கின்றி நீங்கி, வாக்கின்றியே திரும்பியது. ஏட்டில் மீண்ட குழு பல ஆண்டுகள் ஏட்டிலேயே இருந்தது.

கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? கனடாவின் பட்டறிவு வேறொன்றைச் சொல்கிறது. அந்நாட்டின் ஒலிபரப்புச் சட்டத்தைத் திருத்தும் சி-10 மசோதா 2021இல் கீழவையின் பாரம்பரியக் குழுவின் முன் இருந்தது. குழுவின் கூட்டங்கள் பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. ஆயினும் அரசு அவையின் வழியே ஐந்து மணிநேர வரம்பு விதித்தது. நேரம் முடிந்தபின், எஞ்சிய திருத்தங்கள் விவாதமின்றி, அவற்றின் வாசகம் பொதுமக்களுக்குத் தெரியாமலேயே வாக்குக்கு விடப்பட்டன. வரம்புக்குப்பின் ஏற்கப்பட்ட திருத்தங்கள் செல்லாது என்று ஜூன் 15இல் அவைத் தலைவர் தீர்ப்பளித்தார். மசோதா கீழவையைக் கடந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும் மடிந்தது. அடுத்து வந்த சி-11 மசோதாவின் குழுநிலையிலும், 2022 ஜூனில், காலக்கெடு முடிந்ததும் எஞ்சிய திருத்தங்கள் விவாதமின்றி நள்ளிரவு தாண்டி வாக்குக்கு விடப்பட்டன. திறந்த கதவு, வாசகம், கால அவகாசம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் வாக்கெடுப்புக்குப் பொருள் உண்டு.

இது தில்லியிலும் ஒட்டாவாவிலும் முடிந்துவிடும் செய்தியன்று. இன்று திருப்பதி மாவட்டத்திலும் முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் அடங்கிய நாகலாபுரத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்ததாகக் கருதப்படும் ஊர். வேதநாராயணர் கோயிலால் அறியப்பட்டது. ஊத்துக்கோட்டையைக் கடந்தால் சிறிது தொலைவுதான். தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கும் எல்லைப்புறம் இது. மத்திய அலை வானொலிக்கு மாநில எல்லை தெரியாது. சென்னை நிலையத்தின் ஒலிபரப்பு எல்லைக்கோட்டோடு நிற்பதில்லை. ஆனால் உரிமமும் நிதியும் நிகழ்ச்சித் திட்டமும் எல்லைக்கோட்டை நன்கறிந்தவை.

பிரசார் பாரதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, எல்லைப்பகுதிகளில் வாழும் மக்களுக்குத் தொண்டாற்றுவதைக் கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றாக வைக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் அம்மாநிலத்தின் ‘மொழிகளில்’ வட்டார ஒலிபரப்பு கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. மொழி என்று ஒருமையில் இல்லை. மொழிகள் என்று பன்மையில் இருக்கிறது. ஆந்திரத்துத் தமிழருக்கும் தமிழகத்துத் தெலுங்கருக்கும் சட்டம் அளித்த பிடிமானம் அந்தப் பன்மை. அது செயற்படுகிறதா என்று ஆண்டுதோறும் கேட்க வேண்டிய இடம் எது? 13ஆம் பிரிவின் குழுதான். அதன் முதற்பணியே 12ஆம் பிரிவின் நோக்கங்கள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிப்பதாகும். கேட்கும் இடம் ஏட்டளவில் இருக்கும்போது, உரிமையும் ஏட்டளவில்தான் இருக்கும்.

2023 நவம்பரில் ஒலிபரப்புச் சேவைகள் (ஒழுங்குமுறை) மசோதாவின் வரைவு பொதுக்கருத்துக்கு வெளியிடப்பட்டது. 2024இல் மாற்றப்பட்ட வரைவொன்று தெரிந்தெடுத்த சிலரிடம் மட்டும் அளிக்கப்பட்டதாக எழுந்த கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து, மேலும் கலந்தாலோசித்துப் புதிய வரைவு வெளியிடப்படும் என்று ஆகஸ்டில் அமைச்சகம் அறிவித்தது. இணையவழிப் படைப்பாளிகள்வரை நீளக்கூடிய அந்த மசோதா என்றேனும் அவைக்கு வந்தால், நாம் முதலில் கேட்க வேண்டியது அது நல்லதா கெட்டதா என்பதையன்று. அது குழுவுக்குப் போகுமா, திருத்தங்களின் வாசகம் வெளியாகுமா, ஒவ்வொரு வாக்கும் பெயருடன் பதிவாகுமா என்பவற்றையே.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சட்டங்களைப் படிப்பது போலவே, தோற்ற திருத்தங்களையும் மாறுபட்ட கருத்துக் குறிப்புகளையும் மடிந்த மசோதாக்களையும் படியுங்கள். அவையில் எண்ணப்படாத குரல்களுக்கும் வரலாற்றில் இடமுண்டு. ஆனால் அவற்றை யாரேனும் தேடி எடுத்தாக வேண்டும்.